பேலட் பலகையில செஞ்ச அலமாரித் தட்டு குழியுது, மர மாவும் கொட்டுது. என்ன செய்யலாம்?

கேள்வி (வியாசர்பாடி)
6 அடி உயரம், 3 அடி அகலம், 10 இஞ்ச் ஆழத்துக்கு புத்தக அலமாரி. பக்கப் பலகை 2, தட்டு 5. செலவு குறையட்டும்னு பழைய பேலட் (சரக்கு அடுக்குற மரச் சட்டம்) பலகை வாங்கி, இழைச்சு, மூணு மூணா ஒட்டினேன். ரெண்டே வாரத்துல தட்டெல்லாம் குழிஞ்சிருச்சு. ரெண்டு பலகையில ஊசி ஓட்டை, கீழே மாவு. ஹெச்.டி. முத்திரை இருந்துச்சே? காப்பாத்தலாமா, இல்ல வால்டாக்ஸ் ரோட்டுல புது மரமே வாங்கிடவா?

பதில் (கொருக்குப்பேட்டை)
ஹெச்.டி.ன்னா மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு உள்ளே இருந்த பூச்சி செத்திருக்கும், அவ்வளவுதான். மரம் காஞ்சிருச்சுன்னோ, அப்புறம் பூச்சி ஏறாதுன்னோ அர்த்தமில்லை. எம்.பி. முத்திரைன்னா மெத்தில் புரோமைடுங்கிற விஷப் புகை போட்டது. அதை வீட்டுக்குள்ள சேர்க்காதீங்க.

குழிஞ்சது ஈரத்தால. ஒட்டு வழியா அறுத்துப் பிரிச்சு, சமதளத்துல ஒன்றரை அடிக்கு ஒரு 1 இஞ்ச் குச்சி வெச்சு அடுக்குங்க. குச்சிக்கு நேர் மேலேயே அடுத்த குச்சி வரணும், தள்ளி வெச்சா அங்கேயே வளையும். மேல பாரம் வைங்க, வெயில் படக்கூடாது. ஒரு பலகையை வாரா வாரம் எடை போடுங்க. மூணு வாரம் எடை மாறலைன்னா இழைக்கலாம். அடைமழைக் காலத்துல இந்தக் கணக்கை நம்பாதீங்க, காத்து ஈரத்துல எடை ஏறும்.

பதில் (மூலக்கடை)
மாவு கொட்டுற ரெண்டும் பைனா (ஊசியிலை மரம்) இருக்காது. மாவு தள்ளுற பூச்சி தின்கிறது ரப்பர் மரம் மாதிரி மரங்களோட வெள்ளைப் பகுதியை. பலகை முனையைக் கத்தியால சீவிப் பாருங்க, மரத்தோட சொந்தப் பொடித் துளை (பூச்சி ஓட்டை இல்லை) தெரிஞ்சா பைன் இல்லை. ரெண்டையும் இன்னிக்கே வெளியே போடுங்க.

மத்ததுக்கு 1 லிட்டர் சுடுதண்ணியில வெண்காரம் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் கரைச்சு, கையுறை போட்டு ரெண்டு தடவை பூசுங்க. பாலிஷ் போட்ட மரத்துல இறங்காது, பாலிஷ் போடாத வெறும் மரத்துலதான் பூசணும்.

கேட்டவர்
துளை தெரியுதுண்ணா, தூக்கிப் போட்டுட்டேன். புதுசா வாங்கினா எத்தனை கன அடி?

பதில் (மூலக்கடை)
அகலம் இஞ்ச், கனம் இஞ்ச், நீளம் அடி மூணையும் பெருக்கி 144ஆல வகுங்க. கனம் 1 இஞ்ச்னு வெச்சா பக்கம் ரெண்டும் 0.83, தட்டு அஞ்சும் 1.04, ஆக 1.87. சேதாரம் சேர்த்து 2.3 கன அடி வாங்குங்க. மில்லுல இழைக்கிறதுக்கு முந்தின அளவுக்குத்தான் காசு. 1 இஞ்ச் பலகை இழைச்சா முக்கால்தான் நிக்கும்.

தட்டுக்கு நீளப் பலகையே கேட்காதீங்க தம்பி. 3 அடித் துண்டு மரம் தனியா ஒதுக்கியிருப்பாங்க, விலை நல்லா இறங்கும். வேம்புன்னா வயிரமா (கெட்டியான நடுப் பகுதி) பாத்து எடுங்க. பழைய நிலைக்கட்டை கிடைச்சா அதைவிட நல்லது, காஞ்சு கிடக்கும். மில்லுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடி காந்தம் ஓட்டி ஆணி தேடுங்க. முக்கால் இஞ்ச் தட்டு 3 அடிக்குப் புத்தக பாரத்துல தொங்கிடும், முன் விளிம்புல ஒன்றரை இஞ்ச் ரீப்பர் (ஒல்லியான மரச் சட்டம்) ஒட்டுங்க.