வேண்டாம் என்றால் மறுபடி கேள்: லிஸ்பன் உடன்படிக்கை ஐரோப்பாவை மாற்றியதா?

சுள்ளி:
உக்ரைனையும் பால்கன் நாடுகளையும் சேர்ப்பதற்கு முன்னால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கைகளைத் திருத்தியாக வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. 2023 நவம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றமே அப்படி ஒரு தீர்மானம் போட்டது. 291க்கு 274, மயிரிழையில். சரி, போன தடவை திருத்தியபோது என்ன கூத்து நடந்தது என்று பார்ப்போமா?

2004 அக்டோபரில் ரோமில் "அரசமைப்பு" என்ற பெயரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 2005 மே 29இல் பிரெஞ்சு மக்களில் கிட்டத்தட்ட 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் நாள் நெதர்லாந்தில் 61 சதவீதத்துக்கும் மேல் வேண்டாம். அத்தோடு கதை முடிந்ததா? கொடி, கீதம், "வெளியுறவு அமைச்சர்" என்ற பட்டம், இதையெல்லாம் உருவிவிட்டு மிச்சச் சரக்கை 2007 டிசம்பர் 13 அன்று லிஸ்பனில் கையெழுத்திட்டார்கள். அதுதான் லிஸ்பன் உடன்படிக்கை. முதல் வரைவைத் தயாரித்த மாநாட்டின் தலைவர் ழிஸ்கார் தெஸ்தேனே, உள்ளே இருப்பது ஏறக்குறைய பழையதுதான் என்று எழுதினார். இந்தத் தடவை பிரான்சிலும் நெதர்லாந்திலும் மக்களைக் கேட்கவில்லை. நாடாளுமன்றத்திலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள். கேட்டது அயர்லாந்தில் மட்டும். அங்கேயும் 2008 ஜூனில் 53.4 சதவீதம் வேண்டாம். அடுத்த ஆண்டு அக்டோபரில் மறுபடி கேட்டார்கள். வேண்டும் என்று வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்குப் பெயர் சீர்திருத்தமா? பெண் பார்க்கப் போய், பெண் வேண்டாம் என்ற பிறகும் தினம் வாசலில் வந்து நிற்கிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள்?

கணக்குப்பிள்ளை:
உவமை நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. 15 நாடுகளாக இருந்த ஒன்றியம் 2004இல் 25 ஆனது, 2007இல் 27. அந்தக் கூட்டத்தை 2001இல் கையெழுத்தான நீஸ் உடன்படிக்கையின் வாக்கு முறையோடு ஓட்ட முடியாது.

நீஸில் என்ன செய்தார்கள் தெரியுமா? உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடிச் சட்டங்களுக்கு வாக்களிக்கும் அமைச்சர்கள் மன்றத்தில் ஜெர்மனிக்கு 29 வாக்கு, போலந்துக்கு 27. மக்கள்தொகையோ அங்கே 8 கோடிக்கு மேல், இங்கே 4 கோடிக்கும் குறைவு. விடியவிடியப் பேரம் பேசி எடுத்த எண்கள் அவை, எந்தச் சூத்திரமும் கிடையாது. லிஸ்பன் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கேள்வி மட்டும் வைத்தது. உறுப்பு நாடுகளில் 55 சதவீதம் ஆதரிக்கிறதா? அந்த நாடுகளில் ஒன்றிய மக்களில் 65 சதவீதம் பேர் வாழ்கிறார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெரும்பாலான சட்டங்கள் நிறைவேறும். இன்றைய 27இல் 15 நாடு வேண்டும்.

சின்ன நாடு நசுங்கிவிடும் என்பார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றையும் கூட்டினால் மக்கள்தொகையில் 47 சதவீதம் வருகிறது. ஆனாலும் இந்த மூன்றும் சேர்ந்து ஒரு சட்டத்தைத் தடுக்க முடியாது. தடுக்கக் குறைந்தது நான்கு நாடு வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இதைப் பழைய சரக்கு என்று சொன்னால் எப்படி?

சுள்ளி:
பழைய சரக்குத்தானே ஐயா! இந்த இரட்டைப் பெரும்பான்மை 2004 அரசமைப்பிலேயே இருந்தது. அதில் 55, 65 என்ற எண்கூட மாறவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வேண்டாம் என்றதில் இதுவும் அடக்கம்.

கணக்குப்பிள்ளை:
எண் அதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவில் போலந்து போட்ட சண்டையை விட்டுவிட்டீர்கள். மக்கள்தொகையை நேரடியாக எடுக்காமல் அதன் வர்க்கமூலத்தை எடுத்து வாக்குப் பிரிக்க வேண்டும் என்று 2007இல் கச்சின்ஸ்கி சகோதரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அண்ணன் தம்பியில் ஒருவர் அதிபர், ஒருவர் பிரதமர். வர்க்கமூலம் கிடைக்கவில்லை, தவணை கிடைத்தது. புது முறை 2014 நவம்பரில்தான் தொடங்கும், அதன் பிறகும் 2017 மார்ச் வரை எந்த நாடு கேட்டாலும் பழைய முறையிலேயே வாக்கெடுக்கலாம். பள்ளியில் வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்ட என் போன்றவர்களுக்கு அன்றுதான் பதில் கிடைத்தது.

மழைக்காகம்:
அயர்லாந்தைச் சுள்ளி உதாரணமாக இழுத்துவிட்டதால் வருகிறேன். டப்ளினில் இருக்கிறேன். 2007இல் குடியுரிமை கிடைத்தது, என் முதல் ஐரிஷ் வாக்கே லிஸ்பனுக்குத்தான். 2008இல் வேண்டாம் என்று போட்டேன். 2009இல் வேண்டும் என்று போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஏமாற்றவும் இல்லை.

முதலில் ஏன் எங்களை மட்டும் கேட்டார்கள் என்பது. அரசின் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. ரேமண்ட் கிராட்டி என்ற வேளாண் பொருளாதாரர் 1986ஆம் ஆண்டின் "ஒற்றை ஐரோப்பியச் சட்டம்" என்ற உடன்படிக்கையை எதிர்த்து நீதிமன்றம் போனார். அந்த உடன்படிக்கை வெளியுறவுக் கொள்கையில் நாட்டின் கையைக் கட்டுகிறது, மக்களைக் கேட்காமல் அரசு ஒப்ப முடியாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பெரிய உடன்படிக்கை என்றால் இங்கே வாக்குப்பெட்டி வந்துவிடும். ஒரே ஒரு ஆள் போட்ட வழக்கு.

2008க்கு வருகிறேன். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கம்பத்துக்குக் கம்பம் தட்டி. தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு என்ற பழைய கோஷம் மறுபடி கிளம்பியிருந்தது. எனக்குத் தெரியவில்லைதான். உடன்படிக்கையைத் திறந்து பார்த்தால் "இந்தப் பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல்" என்றே பக்கம் பக்கமாகப் போகிறது. பழைய இரண்டு உடன்படிக்கைகளைப் பக்கத்தில் விரித்து வைக்காமல் ஒரு வரி புரியாது. பிரதமர் ப்ரையன் கவனே முழுதாக வாசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவரே வாசிக்காததை நான் ஏன் ஒப்ப வேண்டும்? இன்னொரு காரணமும் உண்டு. 2014 முதல், ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஆணையர்களின் எண்ணிக்கையை நாடுகளின் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டாகக் குறைப்பதாக அதில் இருந்தது. அதாவது சில காலம் பிரசல்ஸ் ஆணையத்தில் ஐரிஷ்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். சின்ன நாட்டில் இருந்து பாருங்கள், அது எப்படி உறுத்தும் என்று.

நாங்கள் வேண்டாம் என்றதால்தான் நாட்டுக்கு ஓர் ஆணையர் என்பது நிலைத்தது. எங்களுக்கு மட்டும் இல்லை, மால்டாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் சேர்த்து. வரி, கருக்கலைப்பு, ராணுவ நடுநிலை இவற்றில் கை வைக்க மாட்டோம் என்று சட்ட உறுதியும் வாங்கினோம். இதையெல்லாம் பேரம் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். மோசடி என்று சொல்லாதீர்கள்.

சுள்ளி:
அக்கா, மரியாதையோடு கேட்கிறேன். 2009இல் நீங்கள் மனம் மாறியது அந்த உறுதிமொழிக் காகிதத்தாலா, வங்கிகள் கவிழ்ந்ததாலா?

மழைக்காகம்:
வங்கி. மறைக்க என்ன இருக்கிறது. 2008 செப்டம்பர் கடைசியில் அரசு எல்லா வங்கிக் கடனுக்கும் உத்தரவாதம் கொடுத்தது, அதற்குப் பிறகு தெருவில் யாருக்கும் தூக்கம் இல்லை. என் கணவருக்கு வேலை போனது. வங்கிகள் கவிழ்ந்த ஐஸ்லாந்து மாதிரி தனியாக நின்றால் என்ன ஆகும் என்ற பயம். 67 சதவீதம் வேண்டும் என்று வந்ததில் பாதி அந்தப் பயம்தான் என்பேன். ஆனால் தம்பி, பயத்தில் போட்ட வாக்கும் வாக்குதானே. 2008இல் புரியாமல் போட்டதும் ஒரு பயம்தான்.

பழையபேப்பர்:
சண்டை சுவாரசியமாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றை விட்டுவிட்டார்கள். உடன்படிக்கையைத் திருத்துவதால் ஒன்றியம் மாறுகிறது என்று கணக்குப்பிள்ளை நம்புகிறார். திருத்துகிறேன் என்ற பெயரில் ஏமாற்றுகிறார்கள் என்கிறார் சுள்ளி. பெரிய மாற்றங்கள் உடன்படிக்கைக்கு வெளியேதான் நடந்திருக்கின்றன என்பது என் கட்சி.

1965இல் பிரெஞ்சு அதிபர் டி கோல் தன் நாட்டுப் பிரதிநிதிகளைத் திருப்பி அழைத்துக்கொண்டார். நாற்காலி காலியாகவே கிடந்தது. 1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம்: முக்கிய நலன் என்று ஒரு நாடு சொன்னால் வாக்கெடுப்புக்குப் போகாமல் பேசிக்கொண்டே இருப்பது. 1957 ரோம் உடன்படிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனாலும் அடுத்த இருபது வருடம் ஒன்றியத்தை ஓட்டியது அந்தச் சமரசம்தான்.

இந்தப் பக்கம் வாருங்கள். யூரோ நெருக்கடியில் 2012 மார்ச்சில் 25 நாடுகள் நிதிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் போட்டன. பிரிட்டனும் செக் குடியரசும் சேரவில்லை. அதனால் ஒன்றிய உடன்படிக்கைக்குள் கொண்டுவர முடியாமல் பக்கத்தில் தனியாக ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்கள். 2020இல் கொரோனாவுக்காக 75,000 கோடி யூரோ நிதி, அதற்காக ஒன்றியத்தின் பெயரில் பெருங்கடன். அப்படி ஒரு கடன் நடக்கவே நடக்காது என்று ஜெர்மனி பல வருடம் சொல்லிவந்தது. அதற்கு எந்த உடன்படிக்கையைத் திருத்தினார்கள்?

கணக்குப்பிள்ளை:
அண்ணே, கொட்டகை போட்டது உண்மை, அந்தக் கொட்டகைக்குக் கால் ஊன்றிய இடம் எது? யூரோ மீட்பு நிதிக்காக 2011இல் 136ஆம் பிரிவில் ஒரு சின்னப் பத்தி சேர்த்தார்கள். மாநாடு கூட்டாமல் அதைச் சேர்க்க முடிந்ததே, லிஸ்பன் கொண்டுவந்த எளிய திருத்த நடைமுறையால்தான்.

ஐரோப்பிய நாடாளுமன்றத்தையும் பாருங்கள். லிஸ்பன் அமலானது 2009 டிசம்பர் 1. மூன்று மாதம் ஆகவில்லை, வங்கிப் பரிமாற்றத் தகவல்களை அமெரிக்காவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 378க்கு 196 என்று தூக்கி எறிந்தது. இத்தகைய ஒப்பந்தத்துக்கு அவர்கள் சம்மதம் வேண்டும் என்றது லிஸ்பன். 2012இல் ஆக்டா என்ற கள்ளப்பொருள் தடுப்பு ஒப்பந்தம், ஆதரவு 39, எதிர்ப்பு 478. அடிப்படை உரிமைகள் சாசனத்துக்குச் சட்ட பலம் கொடுத்ததும் லிஸ்பன்தான். அதை வைத்துத்தான் எல்லோருடைய தொலைபேசித் தகவல்களையும் சேமித்துவைக்கும் நெறியுரையை 2014இல் லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றிய நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கு கிளம்பிய ஊர்களில் ஒன்று மழைக்காகம் அக்கா இருக்கும் டப்ளின்.

சுள்ளி:
ஒன்றியத்தை விட்டு விலக வழி சொல்லும் 50ஆம் பிரிவை மறந்துவிட்டீர்களே. அதுவும் லிஸ்பன் கொடுத்த சீதனம்தான்.

பழையபேப்பர்:
அதை வரைந்ததில் முக்கியமானவர் ஜான் கெர் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி. எந்தக் காலத்திலாவது எவனாவது சர்வாதிகாரி வந்து கோபித்துக்கொண்டு போனால் உதவட்டும் என்று நினைத்து எழுதியதாகப் பின்னால் சொன்னார். பயன்படுத்தியது அவர் நாடே. ஆனால் விலகியது அந்தப் பிரிவால் இல்லை. 1982இல் கிரீன்லாந்து வாக்கெடுத்து 1985இல் வெளியேறியபோது இப்படி ஒரு பிரிவே கிடையாது. அது இருந்ததால் விலகலுக்கு ஒரு வரிசையும் இரண்டு வருடக் கெடுவும் வந்தன, அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் வாக்குக் கணக்கும் மாறியது, இதைக் கணக்குப்பிள்ளை சொல்வார் என்று பார்த்தேன். யூரோவுக்கு வெளியே இருந்த நாடுகளுக்குப் பிரிட்டன்தான் குடை. ஒரு சட்டத்தைத் தடுக்கத் தேவையான 35 சதவீத மக்கள்தொகையைத் தாண்ட அதன் ஆறரைக் கோடி மக்கள் உதவினார்கள். குடை போனதும் சுவீடனும் டென்மார்க்கும் வேறு திண்ணை தேட வேண்டியதாயிற்று. உடன்படிக்கையில் ஓர் எண்ணும் மாறவில்லை.

கணக்குப்பிள்ளை:
சொல்ல வாயெடுத்தேன், முந்திக்கொண்டீர்கள். சரி, இப்போது ஹங்கேரிக்கு வாருங்கள். ஆட்களை எவ்வளவு சேர்த்தாலும் வெளியுறவு, வரி, புது நாட்டைச் சேர்ப்பது, நீண்டகால பட்ஜெட் இவற்றுக்கு இன்னும் ஒருமனம் வேண்டும். 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனோடு பேச்சைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்கும் நேரம், அந்நாட்டுப் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் அறையை விட்டு எழுந்து போனார், மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். ஒருவர் வெளியே போனால்தான் ஓர் ஒன்றியம் முடிவெடுக்க முடியும் என்றால் விதியில் கோளாறு இருக்கிறதா இல்லையா?

சுள்ளி:
அந்த விதியை மாற்றவும் ஹங்கேரி கை தூக்க வேண்டுமே. ஒருமனத்தை விட்டுப் பெரும்பான்மைக்குத் தாண்டிப் போகலாம் என்று லிஸ்பனில் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், 48ஆம் பிரிவு ஏழாம் பத்தி. அதில் ஏறவே எல்லாத் தலைவர்களும் ஒருமனதாகச் சரி என்று சொல்ல வேண்டும், எந்த நாட்டு நாடாளுமன்றமும் ஆறு மாதத்துக்குள் ஆட்சேபிக்கக் கூடாது. கட்டியதிலிருந்து ஒருத்தன் நடக்கவில்லை. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல.

இன்னொன்று. ஒருமனம் போக வேண்டும் என்று பிரசல்ஸ்காரர்களும் சில நாடுகளும்தான் கேட்கிறார்கள், எல்லோரும் இல்லை. 2022 மே மாதம் 13 நாடுகள் சேர்ந்து, அவசரப்பட்டு உடன்படிக்கையில் கை வைக்காதீர்கள் என்று எழுதிக்கொடுத்தன. டென்மார்க், சுவீடன், பின்லாந்து, போலந்து, செக். எல்லாம் ஓர்பான்களா?

பழையபேப்பர்:
இங்கே சுள்ளியோடு நிற்கிறேன், முதல் தடவையாக. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 ஜூன் 30 அன்று லிஸ்பனை ஏற்றுக்கொண்டபோது ஒரு கயிறும் கட்டிவிட்டது. உடன்படிக்கைகளின் எஜமானர்கள் உறுப்பு நாடுகள்தான், பெர்லின் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் பாலங்களில் ஏறக் கூடாது என்று. சட்டத்தைத் திருத்தி எழுதிய பிறகுதான் ஏற்புப் பத்திரம் போனது. பெரிய நாடே இப்படி இருக்கும்போது போலந்தைக் குறை சொல்லி என்ன பயன்?

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் 35 நாடு ஆனாலும் இதே விதியோடு ஓடட்டும் என்கிறீர்களா? 35 ஆணையர், 35 வீட்டோ?

பழையபேப்பர்:
வீட்டோவைத் தாங்கலாம். புது நாடுகள் முதல் தடவை சேர்ந்த 1973இலிருந்தே ஓடாது என்று சொல்கிறார்கள். ஆணையர் விஷயம் வேறு, அது இப்போதே கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி இருக்கிறது. இதற்கு மழைக்காகம் பதில் சொல்லட்டும்.

மழைக்காகம்:
என்ன பதில் வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
அக்கா, நேரடியாகவே கேட்கிறேன். நாளைக்குப் புது உடன்படிக்கை வருகிறது. உக்ரைன், மால்டோவா, பால்கன் நாடுகள் எல்லாம் உள்ளே. அதற்கு விலை, சுழற்சி முறையில் ஐந்து வருடம் உங்கள் நாட்டுக்கு ஆணையர் கிடையாது. எப்படிப் போடுவீர்கள்?

மழைக்காகம்:
உக்ரைன் வர வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவிலேயே மூன்று உக்ரைன் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் ஆணையரைக் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்று போடுவேன்.

சுள்ளி:
அடுத்த வருடம் மறுபடி கேட்பார்களே?

மழைக்காகம்:
கேட்கட்டும். என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.