செம்புக் கம்பித் தொலைபேசியை விட்டு இணையவழி அழைப்புக்கு மாறலாமா?

கோரையாறு (வினா):
மன்னார்குடிக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் என் தாயார் தனியாக வசிக்கிறார். நான் சென்னையில் பணியாற்றுகிறேன். கைபேசியின் எழுத்துகள் அவருக்குப் புலப்படுவதில்லை என்பதால் கூடத்தில் இருக்கும் தரைவழித் தொலைபேசியையே நம்பியிருக்கிறார். ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் அதில் இரைச்சல் மிகுந்துவிடுகிறது. வாய்க்கால் தூர்வாரும்போது பொக்லைன் கேபிளை அறுத்துவிட்டால் சரிசெய்ய ஆள் வருவதே அரிதாகிவிட்டது. கண்ணாடி இழை இணைப்புக்கு மாறிவிடுமாறு லைன்மேன் சொல்கிறார். மின்சாரம் இல்லாதபோது அதில் பேச முடியுமா? உறவினர் அனைவருக்கும் மனப்பாடமான எண் மாறிவிடுமா? வாட்ஸ்அப் அழைப்பைப் போலக் குரல் விட்டுவிட்டுக் கேட்குமா?

வெண்ணாறு:
நீங்கள் முதலில் கேட்டதுதான் முதன்மையானது, ஐயா. செம்புக் கம்பியில் தொலைபேசி நிலையத்தின் பேட்டரியிலிருந்தே ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் வீடு வரை வந்துவிடுவதால், ஊரே இருண்டிருந்தாலும் மணி அடிக்கும். கண்ணாடி இழை ஒளியை மட்டுமே கொண்டுவரும். அதைக் குரலாக மாற்றும் பெட்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும், அது நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நம் பகுதியில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. ரவுட்டர் எனப்படும் அந்தப் பெட்டிக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் (மின்சாரம் நின்றால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவி) ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். பெட்டியின் அடாப்டரில் பெரும்பாலும் 12 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், அந்த வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். அது அன்றாட மின்தடைக்குத் தாங்குமே தவிர, புயலுக்குப் பிந்தைய நாள்களுக்குப் போதாது.

மற்றபடி இழை நம் மண்ணுக்கு ஏற்றது என்பதே என் கருத்து. நீர் தேங்கும் வயலோரத்தில் செம்பின் இணைப்புகள் ஈரத்தில் களிம்பேறுவதால்தான் அந்த இரைச்சல். கண்ணாடிக்கு அந்தக் கேடு இல்லை, இடி மின்னலின் மின்சாரமும் அதன் வழியே பாய்ந்து கருவியைக் கருக்காது.

குடமுருட்டி:
அதே நிறுவனத்தின் இழை இணைப்புக்கு மாறினால் 04367 உடன் கூடிய பழைய எண்ணையே தக்கவைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. விண்ணப்பத்திலேயே அதை எழுதிக் கேளுங்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நம் நாட்டில் கைபேசிக்கு மட்டுமே இருப்பதால், வேறு நிறுவனத்துக்குப் போனால் புதிய எண்தான் கிடைக்கும்.

குரலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஓர் அழைப்புக்கு நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். இழை நிறுவனங்கள் பொதுவாகக் குரலுக்குத் தனிப் பாதை ஒதுக்குவதால், வாட்ஸ்அப்பைப் போல மற்ற இணையப் பயன்பாட்டோடு அது போட்டியிடுவதில்லை. பெட்டியின் பின்புறம் 'டெல்' அல்லது 'போன்' என்று குறித்த துளையில் அம்மாவின் பழைய பொத்தான் தொலைபேசியையே செருகலாம். அடியில் பல்ஸ், டோன் என்ற சிறிய விசை இருந்தால் அதை டோனில் வையுங்கள்.

அரசலாறு:
மேலே சொன்னவை அனைத்தும் சரியே என்றாலும், இழையை மட்டும் நம்பி ஒரு முதியவரைத் தனியே விடுவதை நான் ஏற்கவில்லை. நம் ஊர்களில் இழையைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டுகிறார்கள். ஒரு தென்னை சாய்ந்தால் அறுந்துவிடும், அதை ஒட்டுவதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். பெரிய பொத்தான்கள் உள்ள சாதாரணக் கைபேசி ஒன்றை வாங்கி, 2-ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கும் 3-ஐ அழுத்திப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் அழைப்பு போகும்படி அமைத்துக் கொடுங்கள். அவசரத்துக்கு 108-ஐ வாட்ஸ்அப்பில் அழைக்க இயலாது.

கோரையாறு:
மூவருக்கும் நன்றி. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதுவே போதாதா?

வெண்ணாறு:
போதும், ஆனால் பெட்டியைச் செருகும் பிளக் இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ளதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதியுங்கள். பல வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் மட்டுமே அதில் இருக்கும். இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் சில பெட்டிகள் அணைந்து மீண்டும் தொடங்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். புதிய இணைப்பில் உள்வரும் அழைப்பும் வெளிச்செல்லும் அழைப்பும் சரியாக வரும்வரை பழைய செம்பு இணைப்பைத் துண்டிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.