குட்டி ஆட்டுக்கு நாடாப்புழு, பிள்ளைக்கும் தொற்றுமா?

நிலாவெளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குட்டியின் புழுக்கையோடு சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளைத் துண்டுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, சின்ன மகள் நாள் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறாள். அவளுக்கும் வருமா?

பதில் 1: அது மொனீசியா என்ற ஆட்டு நாடாப்புழுவாக இருக்கும், தங்கச்சி. புல்லில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியை ஆடு மேயும்போது விழுங்கி வருவது, மனிதருக்குத் தொற்றாது. மருந்து குட்டியின் நிறையைப் பொறுத்தது, மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

பதில் 2: ஆட்டை விடுங்கள், வீட்டில் நாய் இருக்கிறதா? எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு, 1 சென்ரிமீற்றர்கூட வராது, நாயின் குடலில் இருக்கும். அதன் முட்டை கைவழியே வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி வரும், அது தெரியவே வருடக்கணக்காகும். கட்டி உள்ள ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்றவற்றைத் தின்றுதான் நாய்க்கு அது வருகிறது.

கேட்டவர்: ஐயோ அண்ணா, போன கிழமை கிடாய் அறுத்தபோது கட்டி இருந்த ஈரலை நாய்க்குத்தான் போட்டோம்.

பதில் 2: சரி, நாய்க்கும் பிரசிகுவாண்டெல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுக்க மிருக வைத்தியரிடம் கேளுங்கள். இனி அப்படி ஈரலை ஆழமாகப் புதையுங்கள்.