70-ஆ, 78-ஆ? ஹிட்ச்காக் பேட்டிப் புத்தகமும் அந்தக் குளியலறையும்

மூவியோலா: திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக்கை பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ எடுத்த பேட்டிப் புத்தகத்தில் "கணக்கெல்லாம் கப்சா" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் காட்டும் ஒரே ஆதாரம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் ஷவரில் நடக்கும் குளியலறைக் கொலை. புத்தகத்தில் ஹிட்ச்காக் சொல்வது: ஏழு நாள் படப்பிடிப்பு, 70 கேமரா செட்டப் (ஷாட்டுக்காகக் கேமராவை அமைக்கும் நிலை), திரையில் 45 விநாடி. அந்தக் காட்சியைப் பற்றி 2017-இல் வந்த ஆவணப்படத்தின் தலைப்பு 78/52. அதை வைத்து இவர் 70 பொய் என்கிறார். எடுத்தவரே சொல்லியிருக்கிறார், 70.

ரீல்மாற்றி: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். அந்தத் தலைப்புக்கு அர்த்தம் 78 செட்டப், 52 கட் (ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு மாறும் வெட்டு). மீதி எட்டு எங்கே போச்சு? படம் 1960, பேட்டி 1962 ஆகஸ்ட். இரண்டே வருடத்தில் மறந்துவிட்டாரா?

மூவியோலா: 70 என்றால் நாளுக்குப் பத்து. ஷவர் தலையை நேராகப் பார்க்கும் ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத் துளைகளை அடைத்து, நீள லென்ஸ் போட்டு, கேமராவைத் தள்ளி வைத்தார்கள். தண்ணீர் நம் முகத்தில் அடிப்பதுபோல் தெரியும், ஆனால் லென்ஸைச் சுற்றிப் போய்விடும். அடைக்காவிட்டால் கண்ணாடியில் துளி விழுந்து ஷாட் வீண். இந்த மாதிரி வேலை நாளுக்குப் பத்துக்கு மேல் ஓடாது.

ரீல்மாற்றி: 78-ஐ ஏழால் வகுத்தால் பதினொன்று சொச்சம். பத்து ஓடும், பதினொன்று ஓடாதாக்கும்!

அரையிருட்டு: செட்டப் என்று எதை எண்ணுகிறீர்கள்? கேமரா நகர்ந்தால்தான் புதுசா, லென்ஸ் மாற்றினாலே புதுசா? 45 விநாடி கத்திக்குத்துக்கு மட்டும்தான். கொல்லப்படும் பெண் தொட்டியில் இறங்குவதிலிருந்து எண்ணினால் மூன்று நிமிடம் வரும்.

மூவியோலா: 70. அச்சில் இருக்கிறது.

வெள்ளித்திரைவாசி: அச்சில் இருப்பது எப்படி வந்தது என்றும் பாருங்கள். த்ரூஃபோ பிரெஞ்சில் கேட்பார், மொழிபெயர்ப்பாளர் ஹெலன் ஸ்காட் ஆங்கிலத்தில் சொல்வார், பதில் ஆங்கிலத்தில் வரும். பிரெஞ்சுப் பதிப்பு 1966, ஆங்கிலப் பதிப்பு 1967. ஒலிநாடாவும் அச்சும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றல்ல. பிரெஞ்சில் எழுபது 'அறுபது-பத்து', எழுபத்தெட்டு 'அறுபது-பதினெட்டு'. வழுக்குவதற்கு இடம் இருக்கிறது.

மூவியோலா: பதில் வந்தது ஆங்கிலத்தில் என்று நீங்களே சொல்லிவிட்டு, அடுத்த வரியில் பிரெஞ்சு எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஹெலன் ஸ்காட் மீது பழி போடாதீர்கள், அவர் இல்லாமல் அந்தப் புத்தகமே இல்லை.

வெள்ளித்திரைவாசி: பழி போட்டேனா? எழுதாததைப் படிப்பது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ரீல்மாற்றி: அதே பத்தியில் இன்னொன்று. கொல்லப்படும் பெண்ணாக நடித்த ஜேனட் லீயின் கை, தோள், தலை மட்டும்தான், மீதியெல்லாம் டூப் என்கிறார் ஹிட்ச்காக். ஜேனட் லீயோ ஏழு நாளும் ஷவரில் நின்றது தான்தான் என்றார். யாரை நம்ப?

மூவியோலா: பத்தியை முழுசாகப் படியுங்கள். ரத்தம் பீறிட ஒரு பொம்மை உடலே செய்துவைத்து, கடைசியில் அதைப் பயன்படுத்தவில்லை என்று மறைக்காமல் சொல்கிறார். மார்பு தெரியாமலிருக்கச் சில ஷாட்டை ஸ்லோ மோஷனில் எடுத்ததையும் சொல்கிறார். அதை ஏன் யாரும் கவனிப்பதில்லை? 45 விநாடி என்றால் விநாடிக்கு 24 வீதம் 1,080 பிரேம் (படச்சட்டம்). 52 கட் என்றால் துண்டுக்குச் சராசரி 21 பிரேம்கூட இல்லை. இது மெதுவாக ஓடுகிறது என்று கண் பிடிப்பதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும். வேகத்தை ஏற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. இவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருப்பவருக்கு எண்ணிக்கை மட்டும் தப்புமா?

ரீல்மாற்றி: 52 கட்டை எங்கிருந்து எடுத்தீர்கள்? அதே தலைப்பிலிருந்துதானே? 52 வேண்டும், பக்கத்திலிருக்கும் 78 வேண்டாமா?

மூவியோலா: கட் 52. செட்டப் 70.

அரையிருட்டு: மூன்று நிமிடத்துக்கான கட்டை 45 விநாடியால் வகுத்திருந்தால் அந்த 21-ஏ தப்பு.

ரீல்மாற்றி: வடிவமைப்பாளர் சால் பாஸ் விஷயத்திலும் இதே பிடிவாதம்தான் பிடித்தீர்கள். ஷவர் காட்சிக்கு ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாக முன்கூட்டியே வரையும் படம்) வரைந்தவர் அவர். புத்தகத்தில் அவருக்குக் கிடைத்தது துப்பறிவாளர் மாடிப்படி ஏறும் காட்சி மட்டும், அதுவும் 'பயன்படுத்தவில்லை' என்ற ஒரு வரியோடு.

மூவியோலா: படத்தின் டைட்டிலிலேயே 'பிக்டோரியல் கன்சல்டன்ட்' (காட்சி ஆலோசகர்) என்று பெயர் போட்டிருக்கிறார்கள். வரைவது வேறு, ஷவர் துளையை அடைத்து லென்ஸ் நனையாமல் எடுப்பது வேறு. நாளுக்குப் பத்து, ஏழு நாள், 70.