மறு: காந்தவியலில் விரக்தி வேண்டாம், இழுபறி போதும்

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

ஐயா, நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலை ஆறுதலாகப் படித்தேன். பெரும்பாலான சொற்கள் எனக்கு உடன்பாடு. ‘ஃபிரஸ்ட்ரேஷன்’ என்பதற்கு ‘விரக்தி’ என்று போட்டிருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிற பிள்ளைகளுக்காகப் பாரப் பெர்மியன் உலோகங்கள் (இலத்திரன்கள் மிகப் பாரமானவைபோல நடந்துகொள்ளும் உலோகங்கள்) பற்றித் தமிழில் ஒரு நீண்ட குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிற சொல் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்பங்கள் (ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்த ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒன்றுக்கொன்று எதிராக நிற்கப் பார்ப்பதுதான் எதிரயக்காந்தம். சதுரச் சாலகத்தில், அதாவது அணுக்கள் சதுரமாக அடுக்கப்பட்ட வலையில், இது லேசான காரியம்: ஒன்று மேலே, அடுத்தது கீழே, அப்படியே போகலாம். முக்கோணத்தில் அது நடக்காது. இரண்டு மூலைகள் எதிரெதிராக நின்றுவிட்டால், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த இரண்டில் ஒன்றோடு முரண்படும். மேல், கீழ் என்ற இரண்டே திசைகள் உள்ள முக்கோணச் சாலகத்தை 1950இல் பௌதிகவியலாளர் வானியர் கணித்துக் காட்டினார். வெப்பநிலையின் அடிமட்டமான தனிப்பூச்சியத்திலும் அங்கே ஒழுங்கு வருவதில்லை, எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) மிஞ்சி நிற்கிறது. இந்த நிலைக்கு இன்றுள்ள பெயரை 1977இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் ஜெரார் தூலூஸ்.

இதில் விரக்தி எங்கே இருக்கிறது? விரக்தி என்றால் பற்று அற்றுப்போதல். இங்கே எந்தப் பிணைப்பும் பற்றை விடவில்லை. மூன்றும் முழுப் பலத்தோடு இழுக்கின்றன, அதனால்தான் முடிவு வரவில்லை. நிகழ்வுக்கு நேர் எதிரான பொருளை அந்தச் சொல் தருகிறது. ‘ஏமாற்றம்’ என்பதற்கும் இதே குறைதான், அதுவும் மனநிலையைச் சொல்லுகிற சொல்.

என் முன்மொழிவு ‘இழுபறி’. இது இரண்டு பக்கத்தாரை மட்டுமே நினைவூட்டும் என்று அக்கா எழுதியிருந்தார். அப்படி நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கம் கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி விளையாடுவார்கள். வடசேரியும் தென்சேரியும் கொம்புகளைக் கொழுவி இழுப்பார்கள், ஒரு கொம்பு முறிந்ததும் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். அதை யாரும் இழுபறி என்று சொல்வதில்லை. ஒரு காணி வழக்கோ பலமுனைத் தேர்தலோ தீராமல் நின்றால்தான் இழுபறி என்கிறோம். எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்கு முக்கியமில்லை, தீராமல் நிற்பதுதான் முக்கியம். முக்கோணத்தில் நடப்பதும் அதுவே.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். சீரியம், பலேடியம், அலுமினியம் மூன்றும் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டு. அதில் சீரியம் அணுக்கள் சற்றுக் கோணலான ககோமே வலையில், மூலை தொட்ட முக்கோணங்களாக அமர்ந்திருக்கின்றன. 2.7 கெல்வினுக்குக் கீழே மூன்றில் இரண்டு பங்கு அணுக்களின் திருப்பங்கள் ஒழுங்குபடுகின்றன, மீதி ஒரு பங்கு ஒழுங்கில் சேராமலே நிற்கிறது. “இழுபறி பகுதியளவில் தீர்ந்தது” என்று இதை எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் விளங்கும். வடிவ இழுபறி, இழுபறிச் சாலகம் எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. திருப்பங்களின் இழுப்புப் பலத்தைக் காட்டும் கியூரி–வைஸ் வெப்பநிலையை, ஒழுங்கு உண்மையில் தொடங்கும் நேயல் வெப்பநிலையால் வகுத்து வரும் விகிதத்தை ‘இழுபறி எண்’ எனலாம். ‘விரக்தி எண்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்தது என் குறிப்பின் தலைப்பில் மறுபாதியாக வரும் ‘குவாண்டம் மாறுநிலை’. எங்கள் இலங்கைப் பாடநூல்களில் குவாண்டத்துக்குச் ‘சொட்டு’ என்பார்கள். சக்தி துண்டு துண்டாக வருவதைச் சொல்ல அது அருமையான சொல். ஆனால் இங்கே பேசுவது வேறு. வெப்பத்தால் அல்லாமல், தனிப்பூச்சியத்திலேயே காந்தப்புலத்தையோ அழுத்தத்தையோ மாற்றி ஒழுங்கைக் குலைக்கிறோம். இற்றர்பியம், ரோடியம், சிலிக்கன் சேர்ந்த சேர்மம் நல்ல உதாரணம். அது 0.07 கெல்வினில்தான் எதிரயக்காந்தமாகிறது. பளிங்கின் தளத்துக்குள் வெறும் 0.06 தெசுலா புலம் கொடுத்தால் அந்த ஒழுங்கும் பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த இடத்தில் மின்தடை, மிகக் குளிரில் வழக்கமான உலோகத்தைப் போல வெப்பநிலையின் வர்க்கத்தோடு ஏறாமல், வெப்பநிலைக்கு நேர்விகிதமாக ஏறுகிறது. இதில் சொட்டுச் சொட்டாக வருவது எதுவும் இல்லை. ஆகவே ‘குவாண்டம்’ என்றே விடுவோம்.

‘கிரிட்டிக்கல்’ என்பதற்கு ‘அவதி’யா, ‘மாறுநிலை’யா? நாங்கள் அவதிக் கோணம் என்று படித்து வளர்ந்தவர்கள், நீங்கள் தமிழ்நாட்டில் மாறுநிலைக் கோணம் என்று படித்தவர்கள். அவதி என்றால் எல்லை என்ற பழைய பொருள் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இங்கே மாறுநிலையை எடுத்துக்கொள்கிறேன். ‘புள்ளி’யை மட்டும் அதோடு ஒட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன சீரியம் சேர்மத்தில் அழுத்தத்தையும் புலத்தையும் சேர்த்து மாற்றிப் பார்த்த ஆய்வு 2019இல் வெளியானது. இழுபறி இருக்கும் இடத்தில் மாறுநிலை ஒரு புள்ளியோடு நிற்காமல் அகன்ற அவத்தையாகவே (‘ஃபேஸ்’) பரவுகிறது என்று அது காட்டியது. எனவே மாறுநிலைதான் அடிச்சொல். புள்ளி, கோடு, அவத்தை எல்லாம் தேவைப்படும்போது பின்னால் சேரட்டும்.

காந்தப்புலத்தால் நிகழ்வதைச் சொல்லப் போட்டிருக்கிற ‘புலத்தூண்டல்’ என்பதை எடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். தூண்டல் என்றதும் பிள்ளைகள் பரடேயின் சுருளுக்குப் போய்விடுவார்கள். ‘புலவழி’ போதும்.

பெர்மியனுக்கு முன்னால் ‘கன’ வேண்டாம், கனவளவு, கனசதுரம் என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘நிறை’ கடலின் இரு கரையிலும் வேறு வேறு பொருள் தருகிறது: எங்களுக்கு எடை, உங்களுக்குத் திணிவு. பார உலோகம் என்று செய்தித்தாளிலேயே வருவதால் ‘பாரப் பெர்மியன்’ பழகிவிடும். இலத்திரன் உண்மையில் கனப்பதில்லை, சீரியத்தின் உள்ளோட்டு இலத்திரன்களோடு பின்னிப்பிணைவதால் சில நூறு மடங்கு திணிவுள்ளதுபோல நடந்துகொள்கிறது என்பதைக் குறிப்பில் விளக்கிவிடுகிறேன்.

ஆக, என் குறிப்பின் தலைப்பு இப்போதைக்கு இப்படி நிற்கிறது: ‘இழுபறியுள்ள பாரப் பெர்மியன் எதிரயக்காந்தங்களில் புலவழிக் குவாண்டம் மாறுநிலை’. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைச் செய்கிறது.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1950களில் இங்கே அரசகரும மொழித் திணைக்களம் தனியாகச் சொற்றொகுதிகள் வெளியிட்டது, இரு கரைச் சொற்களும் விலகிப்போயின. பழைய சொற்களை இனி ஒன்றாக்குவது கடினம். இன்னும் தமிழில் எழுதப்படாத துறைகளிலாவது ஒரே சொல்லோடு தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

மிச்சம் இருப்பது ‘ஃபிளக்சுவேஷன்’. ‘அலைவு’ எங்களுக்கு ஊசலின் அலைவு, ‘ஏற்ற இறக்கம்’ சந்தை விலைக்குப் போய்விட்டது. ‘தளம்பல்’ சரிவருமா? தங்கை, ‘நடுக்கம்’ என்று தொடங்கியது நீங்கள்தானே, அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து