பையனுக்கு வீசிங்: மிருகசிர கார்த்திக்கு ஹைதராபாத் போகலாமா?

தறிவீடு_நகரி:
எங்களுக்கு நகரி. பின்கட்டிலேயே விசைத்தறி ஓடுகிறது. ஒன்பது வயசுப் பையனுக்குப் பனி விழ ஆரம்பித்தால் இழுப்பு. டாக்டர் காலை, இரவு எடுக்க ஒரு பஃப்பும், இழுக்கும்போது மட்டும் நீலப் பஃப்பும் கொடுத்திருக்கிறார். மாமியாரோ, "பஃப் பழகினா விடாது, ஜூன்ல மிருகசிர கார்த்தி அன்னிக்கு ஹைதராபாத்ல இழுப்புக்குக் கொடுக்கிற மீன் மருந்தை விழுங்க வைக்கலாம்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

பள்ளிப்பட்டு_அக்கா:
நான் விழுங்கியவள்தான். நாம்பள்ளி கண்காட்சி மைதானத்தில் கொடுப்பார்கள், இலவசம். விரல் நீள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் மருந்தை வைத்து, உயிரோடு தொண்டைக்குள் இறக்கிவிடுவார்கள். சைவக்காரர்களுக்கு வெல்லத்தில். 1845 முதல் கொடுத்துவருவதாக, மருந்தைக் கொடுக்கும் பாத்தினி குடும்பத்தார் சொல்கிறார்கள். என்ன மூலிகை என்று மட்டும் சொல்வதில்லை. எனக்கு ஜூலையில் மூச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜூலையில் எனக்கு எந்த வருஷமும் இழுத்ததில்லையே! மார்கழியில் வழக்கம்போல வந்தது.

பஃப் பழகிவிடும் என்ற பயம் வேண்டாம் தங்கச்சி. நீலத்தில் இருக்கும் சால்புடமால் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 40 அழுத்து. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி வரும், இது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. நீலம் இறுகின தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைப்பது காலை, இரவு எடுப்பது. பையன் நன்றாக ஓடி விளையாடுகிறான் என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசர் (பஃப்பில் மாட்டி மூச்சிழுக்கிற குழாய்) வைத்துக் கொடுங்கள், பிறகு வாய் கொப்பளிக்கட்டும். அப்புறம், அவன் படுக்கிற இடம் தறிக்குப் பக்கமா? பஞ்சுத் தூசி ஆகாது.

சத்தியவேடு_மாமா:
எங்கள் வீட்டில் ஆடாதோடைக் கஷாயம்தான். அந்த இலையிலுள்ள வாசிசின் என்கிற பொருளை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்கிற சளி மருந்தையே உண்டாக்கினார்கள். சளி இளகும், நிஜம். ஆனால் பிள்ளை பேச முடியாமல் இழுக்கும்போது அடுப்பில் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள், நீலத்தைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தறிவீடு_நகரி:
அக்கா, 40 கணக்கை மாமியாரிடம் சொன்னேன். "அப்போ மாத்திரையை நிறுத்து" என்கிறார். அவன் மாத்திரையே சாப்பிடவில்லை! சரி, கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டோம். ஸ்பேசர் மாஸ்க்கோடு வாங்கணுமா?

பள்ளிப்பட்டு_அக்கா:
மாஸ்க் சின்னப் பிள்ளைகளுக்கு. ஒன்பது வயசுக்கு வாயில் கவ்வுகிற குழாய் போதும். மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.