லிட்டில் மோர்ட்டன் ஹால்: கறுப்புப் பூச்சை எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

உளிமுனை:
இங்கிலாந்தின் செஷையரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹால் 1504–08 வாக்கில் தொடங்கி 1610 வரை படிப்படியாக வளர்ந்த மரச்சட்ட வீடு. இன்று எல்லோரும் படமெடுக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் விக்டோரியா காலத்து மோகம். கட்டியவர்கள் ஓக் கட்டைக்கு எதுவும் பூசாமல் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வர விட்டார்கள். இடையிலுள்ள சுவர்க் கட்டங்களுக்குக் காவிமஞ்சள் அடித்தார்கள். 1938 முதல், பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கும் வீட்டில் இந்தக் கறுப்பு எதற்கு? எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சுதைக்காரர்:
எதைக் கொண்டு எடுப்பீர்கள்? மணல் பீய்ச்சினால் ஆண்டு வளையத்தின் மென்பகுதி குழிந்து, வன்பகுதி வரிவரியாக நிற்கும். கட்டையைச் செதுக்கிய வாய்ச்சியின் தடம், சட்டங்களைக் கோக்கத் தச்சர் கீறிய ரோமன் எண்கள் எல்லாம் மழுங்கிவிடும். முற்றத்துச் சாளரங்களில் 1559ஆம் ஆண்டையும் தன் பெயரையும் செதுக்கிய தச்சர் ரிச்சர்ட் டேலின் எழுத்துக்கும் அதே கதிதான். காஸ்டிக் சோடா என்றால் அது ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மரத்தை இன்னும் கறுக்க வைக்கும். உப்பும் உள்ளே தங்கும்.

உளிமுனை:
மணல் பீய்ச்ச நான் சொல்லவே இல்லை. நீராவியும், பூச்சை ஊறவைத்து எடுக்கும் ஒத்தடப் பசையும் போதும், நேரம்தான் ஆகும். நான் அழகுக்காகப் பேசவில்லை. தாரோ பெயிண்டோ பூசிய கட்டை வெயிலில் கூடுதலாகச் சூடாகி வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கிய மழைநீர், பூச்சு மூடியிருப்பதால் வெளியேறுவதில்லை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை இளக்கிய ஓக்கைத்தான் மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டு தேடி வரும். நிலைத்தூணின் கழுந்து, அதாவது மெலிதாகச் செதுக்கிய முனை, அடிச்சட்டத்தில் இறங்கும் துளையைப் பாருங்கள். அது அடி மூடிய கிண்ணம், உள்ளே போன நீருக்குப் போக்கிடம் இல்லை. வெளியே தூண் திடமாகத் தெரியும். கழுந்து பொடியாகியிருக்கும்.

சுதைக்காரர்:
துளை பற்றிச் சொன்னது சரி. ஆனால் அங்கே நீரைக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்பதில்தான் நமக்குள் பிணக்கு. இம்மாதிரி வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி, 20ஆம் நூற்றாண்டில் கட்டங்களில் அப்பிய சிமெண்ட். ஓக் பருவத்துக்குப் பருவம் அகலும், சுருங்கும். சிமெண்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும், அது மழையை உள்ளே உறிஞ்சும். வெளியேற வழி அந்த மரம் மட்டுமே.

முதலில் அந்தச் சிமெண்டைக் கையுளியால் எடுங்கள், இயந்திரம் வேண்டாம். பிளந்த ஓக் குச்சிகளை மேல் சட்டத்தின் துளைகளிலும் கீழ்ச் சட்டத்தின் காடியிலும் நிறுத்தி, அவற்றினூடே ஹேசல் மரத்தின் மிலாறு பின்னுங்கள். களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் பிசைந்து இருபுறமும் ஒரே நேரத்தில் இருவர் அப்ப வேண்டும். அப்போதுதான் பின்னலின் நடுவே மண் ஒன்றையொன்று பிடிக்கும். காய்ந்ததும் ஓரம் சுருங்கி விலகும், பயப்படாதீர்கள். அந்த விளிம்பை ஆட்டுமயிர் கலந்த சுண்ணாம்புக் கலவையால் அடையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர்மணல். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

கூரைமேடு:
இருவரும் சுவரையே பார்க்கிறீர்கள். இந்த வீட்டின் பெரிய தொல்லை தலைக்கு மேலே இருக்கிறது. தெற்குப் பகுதியின் உச்சியில் இருக்கும் நீள்கூடம் முதல் திட்டத்தில் இல்லாதது. அதன்மேல் கனமான மணற்கல் பலகைகள். அந்தப் பாரத்தில்தான் கீழ்ச்சட்டங்கள் நெளிந்தன. 1977இல் கூரைக்கற்கள் பிடிமானம் இழந்தது தெரிந்து, ஆறு கட்டமாகப் பழுதுபார்த்தார்கள். அப்போது மாற்றிய கட்டைகளுக்குக் கறுப்பு பூசவில்லை, இயல்பாகவே விட்டார்கள். உங்கள் சண்டைக்கு அங்கேயே பாதி விடை இருக்கிறது.

உளிமுனை:
அது என் பக்கத்துச் சான்று! புதியதற்கு வேண்டாத கறுப்பு பழையதற்கு எதற்கு? ஒரே சுவரில் சாம்பலும் கறுப்பும் ஒட்டுப் போட்டதுபோல் கிடக்கிறது.

சுதைக்காரர்:
புதுப்பிக்காமல் இருப்பது வேறு, சுரண்டுவது வேறு. 1877இல் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமே பழைய மேற்பரப்பை இப்படிச் சுரண்டி எடுப்பதை எதிர்த்துத்தான் பிறந்தது. மோர்ட்டன் குடும்பம் குத்தகை விவசாயிகளிடம் விட்ட வீடு இது. 1847 வாக்கில் அதற்குள் இருக்கும் தேவாலயம் கரிக்கிடங்காக இருந்தது. அந்தக் காலமும் அது பூசிய கறுப்பும் வீட்டின் வரலாறே. கறுப்பைத் திரும்பப் பூசாதீர்கள், தானாகத் தேயட்டும். உரித்துக்கொண்டு எழும் இடங்களில் மட்டும் கையால் எடுங்கள்.

உளிமுனை:
தேயும் வரை துளைக்குள் ஈரம் காத்திருக்குமா? குறைந்தது அடிச்சட்டத்திலும் தூண்களின் கீழ் 50 செ.மீ. பகுதியிலுமாவது எடுத்தே ஆக வேண்டும். மழைத்தெறிப்பு அங்கேதான் விழுகிறது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கூரைமேடு:
அந்த 50 செ.மீ.க்கு நானும் சம்மதம். அங்கே தூணின் அடி போயிருந்தால், கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, தூணின் தடிமனைப் போல மூன்று மடங்காவது நீளமுள்ள சாய்வு இணைப்பில் புதிய ஓக்கைச் சேர்த்து மர ஆணி அடியுங்கள். இணைப்பின் வெளிமுகம் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், இல்லையென்றால் நீர் அதிலேயே தேங்கும். போல்ட் தவிர்க்க முடியாவிட்டால் துருப்பிடிக்காத எஃகு மட்டும். சாதா இரும்பை டானின் அரித்துவிடும், மரத்தில் நீலக்கறுப்புக் கறை படியும்.